சோடா சுட்ட சனிக்கிழமை

புதிதாக டொக்டர் ஆனவனுக்கு ஒரு வியாதி உண்டு. மூக்கொழுகித் தடிமனோடு வருகிறவரைப் பார்த்தால் அவனுக்குத் தடிமன் தெரியாது. புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில், சின்ன எழுத்தில், உலகத்தில் எங்கோ யாருக்கோ வந்ததாகப் போட்டிருக்கும் நோய்தான் தெரியும். எனக்கு இந்த வியாதி முற்றிப்போயிருந்த காலத்தில்தான் மன்னார்த் தீவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். கெட்ட பெயர் என்னோடு நிற்கட்டும்.) அரிய நோய் ஒன்றைக் கண்டுபிடிக்காமல் தீவை விட்டுப் போவதில்லை என்று நினைத்திருந்தேன். கண்டும் பிடித்தேன். அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை எழுதத்தான் இத்தனை வருடம் வெட்கமாக இருந்தது.

நான் திருக்கேதீஸ்வரப் பக்கத்து வயல்காரப் பிள்ளை. நெல்லுக்கு வரும் நோய் எல்லாம் பெயர் சொல்லத் தெரியும். கடல் என்பது எனக்குப் பாலத்தில் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் தெரிகிற தண்ணீர், அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை காலை, மீனவர் ஊரான பள்ளிமுனையிலிருந்து செபஸ்தியான் அண்ணை எங்கள் வாட்டுக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சொந்தமாக ஒரு வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவர். இரண்டு நாளுக்கு முன் சத்தி எடுத்து வயிற்றோட்டமும் தொடங்கியதாம். அது நின்ற பிறகு உதடு விறைத்து, கை காலில் எறும்பு ஊர்கிற மாதிரித் தொடங்கி, நடக்கவே பலமில்லாமல் போய்விட்டதாம். நாடி பிடித்துப் பார்த்தேன். மிகவும் மெதுவாக அடித்தது.

"வேற என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் தயங்கி, "குளிர்த் தண்ணி சுடுது டொக்டர்" என்றார். "முகம் கழுவினா நெருப்பு அள்ளி ஊத்தின மாதிரிக் கிடக்கு. பைத்தியம் எண்டு நினைக்காதேங்கோ."

நான் அப்படி நினைக்கவில்லை. அதைவிட மோசமாக, சந்தோசப்பட்டேன். இதுவரை எந்த நோயாளியும் என்னிடம் இவ்வளவு விசித்திரமாக ஒன்றைச் சொன்னதில்லை.

முறைப்படி கேட்கவேண்டியதையும் கேட்டேன். வழமைக்கு மாறாக ஏதும் சாப்பிட்டீர்களா என்றேன். அவர் யோசித்துப் பார்த்து, "இல்லை டொக்டர். எப்பவும் போல மீனும் சோறும்தான்" என்றார். நானும் "உணவில் விசேடம் ஒன்றுமில்லை" என்று குறிப்பேட்டில் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டேன். பள்ளிமுனை ஆளிடம் போய் என்ன மீன் என்று யார் கேட்பார்? (கேட்டிருக்க வேண்டும். அந்தக் கோடு இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது.)

போர்பிரியா என்று ஒரு நோய் இருக்கிறது. இரத்தத்தின் சிவப்பை உண்டாக்குகிற வேலை உடம்பில் குழம்புவதால் வருவது. வயிற்று நோவு, சத்தி, நரம்புத் தளர்ச்சி எல்லாம் அதில் உண்டு. சில வகைகளில் தோலில் வெயில் படக்கூடாது. சிறுநீரை வெளிச்சத்தில் வைத்தால் கருஞ்சிவப்பாக மாறும் என்று புத்தகம் சொல்கிறது. உடனே ஒரு போத்தலில் அவருடைய சிறுநீரை எடுத்து வாட்டு ஜன்னலில், மன்னார் வெயிலில் வைத்தேன். பின்னேரம் போய்ப் பார்த்தேன். எனக்கு அது திராட்சைரச நிறமாகத் தெரிந்தது. என்னோடு குவாட்டர்ஸில் தங்கியிருந்த டொக்டர் குகன் எட்டிப் பார்த்து, பால் விடாத பிளேன்டீ மாதிரி இருக்கிறது என்றான். நான் திராட்சைரசம் என்றே எழுதினேன்.

அத்தோடு விட்டிருந்தால் இது சிரித்துவிட்டு மறக்கிற கதை. நான் செபஸ்தியான் அண்ணையின் கட்டிலருகே கதிரை போட்டு உட்கார்ந்து, இது முழுதாகச் சுகமாகாத வருத்தம் என்றும், இனிமேல் உடம்பில் வெயில் படக்கூடாது என்றும் விளக்கினேன்.

"கடலில வெயில் படாத இடம் எங்க கிடக்கு டொக்டர்?"

வேறு தொழில் யோசித்துப் பாருங்கோ என்று சொன்னேன். பதினாறு வயதில் கடலுக்கு இறங்கிய மனிதரிடம், இருபத்தேழு வயதில் நான் சொன்னேன். அவர் போர்வையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். நோயாளி விடயத்தைப் புரிந்துகொண்டார் என்று அதையும் எழுதினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருடைய மனைவி றெஜினா அக்கா ஒரு சட்டியைத் துணியால் கட்டிக்கொண்டு குவாட்டர்ஸுக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை அக்கா அரிப்பு என்கிற ஊரில் தங்கச்சி வீட்டில் நின்றபோது, அண்ணை பெரிய சீலா மீன் ஒன்றைப் பிடித்துவந்து, தலையையும் ஈரலையும் தானே சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார். மிச்சம் பிரிட்ஜில் இருந்தது. புருசன் சுகமாகி வீடு வரும்வரை மீன் தொடுவதில்லை என்று அக்கா மாதாவுக்கு நேர்ச்சை வைத்திருந்தார். மீன் வீணாகக் கூடாது. பெரிய வருத்தத்தைக் கண்டுபிடித்த டொக்டருக்குக் கைமாறும் செய்யவேண்டும். அதனால் அதில் பாதியைக் குழம்பு வைத்துக் கொண்டுவந்திருந்தார். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சிதான் ஆகாது, மீன் ஆகும். எங்கள் வீட்டிலோ வெள்ளிக்கிழமை முட்டைகூட உள்ளே வராது.

குகன் வெள்ளிக்கிழமை என்று சொல்லிப் பருப்போடு எழுந்துவிட்டான். எனக்கும் வெள்ளிக்கிழமைதான். ஆனால் சட்டியைத் திறந்ததும் அந்த வாசனை... நான் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன். சட்டியையும் வழித்தேன்.

அன்று மாலையிலிருந்து நடந்தவற்றை எழுதமாட்டேன். குவாட்டர்ஸில் கழிப்பறை ஒன்றுதான் என்பதையும் குகன் பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டி வந்தது என்பதையும் மட்டும் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை எங்கள் பெரிய டொக்டர் வாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். எல்லோரும் மேடம் என்று அழைக்கும் அந்த அம்மா சத்தம் போட்டு ஏசமாட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். அதைவிட ஏச்சு பரவாயில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து செபஸ்தியான் அண்ணையின் கட்டிலருகே நின்றேன். செத்தாலும் என் போர்பிரியாவைச் சொல்லிவிட்டுத்தான் சாவது என்றிருந்தேன்.

சொல்லத் தொடங்கினேன். திராட்சைரசப் போத்தலைத் தூக்கிக் காட்டினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "போர்பிரியா வந்தா நாடி ஓடும். இவருக்கு நாடி நடக்குது. ஏன்?" என்று கேட்டார்.

நான் போத்தலை இன்னும் உயர்த்திப் பிடித்தேன். வேர்த்துக் கொட்டியது. என் முகத்தைப் பார்த்த மேடம், இவருக்கு முதலில் குடிக்க ஏதும் கொடுங்கோ என்று பக்கத்தில் நின்ற தாதி மிஸியிடம் சொன்னார். மிஸி பிரிட்ஜிலிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

நான் கத்திய கத்து ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்டதாம். போத்தல் நிலத்தில் விழுந்து உடைந்தது. "சுடுது, சுடுது" என்று கையை உதறினேன்.

வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கட்டிலிலிருந்து செபஸ்தியான் அண்ணை மெதுவாகச் சொன்னார்: "ஓம் டொக்டர். அதைத்தான் நானும் சொன்னனான்."

மேடம் என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். "உம்மட நாடியும் நடக்குது" என்றார். "நேற்று என்ன சாப்பிட்டனீர்?"

"மீன், மேடம்."

"ஆர் தந்த மீன்?"

நான் செபஸ்தியான் அண்ணையின் கட்டிலைக் காட்டினேன்.

கடலுக்கு அடியில் பாறைத்திட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி வளர்கிறது. சின்ன மீன் அதைத் தின்னும், பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும். அப்படியே நஞ்சு சேர்ந்து சேர்ந்து சீலா போன்ற பெரிய மீனில் வந்து நிற்கும். அவித்தாலும் பிரிட்ஜில் வைத்தாலும் கருவாடு போட்டாலும் அது போகாது. குளிர் சுடுவதுதான் அதன் பெரிய அடையாளம். பெயர் சிகுவாட்டெரா. எங்கள் பக்கத்தில் அதை நேரில் கண்ட டொக்டர் அரிது. மேடம் இரண்டு நிமிடத்தில் கண்டார், அதற்கு இரண்டாவது வயிறு ஒன்று தேவைப்பட்டது. அது என்னுடையது.

என்னைப் பக்கத்துக் கட்டிலில் போட்டுச் சேலைன் ஏற்றினார்கள். நாடியைத் தூக்க இருவருக்கும் ஊசி போட்டார்கள். பிரிட்ஜில் மிஞ்சிய மீன் துண்டுகளைப் புதைக்கச் சொல்லி ஆள் போனது. கொஞ்ச நாள் மீனும் சாராயமும் வேண்டாம், மெல்ல மெல்ல மாறும், பிறகு தாராளமாகக் கடலுக்குப் போகலாம் என்று மேடம் செபஸ்தியான் அண்ணையிடம் சொன்னார்.

அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. "வள்ளத்தை விலைக்குக் குடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன் மேடம். இண்டைக்கு மத்தியானம் அரிப்பு ஆக்கள் வந்து கொண்டுபோவினம்."

அப்போதுதான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு விளங்கியது. வயிற்றுக்குள் இருந்த வலியெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. அந்த வெட்கத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. சேலைன் ஏறாத கையால் அவருடைய போனை வாங்கி றெஜினா அக்காவுக்கு எடுத்தேன். அவர் கரையில் நின்றார். வந்தவர்கள் ஏற்கெனவே வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். போனை அவர்களிடம் கொடுக்கச் சொன்னேன்.

"நான் டொக்டர் கதைக்கிறன். வள்ளத்தைக் கொண்டுபோகாதேங்கோ. அவருக்குச் சுகம் வந்திடும்."

"எந்த டொக்டர்? வெயில் படக்கூடாது எண்டு சொன்னவரோ?"

"ஓம். பிழையாச் சொல்லிப்போட்டன்."

"இப்ப சொல்லுறது சரியெண்டு நாங்கள் என்னெண்டு நம்புறது?"

நியாயமான கேள்வி. வாட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. மேடமும் போகாமல் நின்றார்.

"எனக்கும் அதே வருத்தம் வந்திட்டுது" என்றேன். "அவற்ற மீனைத்தான் திண்டனான். பக்கத்துக் கட்டிலில கிடக்கிறன்."

அந்தப் பக்கம் அந்த மனிதர் சுற்றி நின்றவர்களுக்கு விடயத்தைச் சொல்வது கேட்டது. பிறகு கரை முழுக்கச் சிரித்தது. டொக்டர்மார் பொய் சொல்லலாம், ஆனால் இப்படி ஒரு பொய்யை எந்த டொக்டரும் சொல்லமாட்டான் என்று முடிவெடுத்தார்களாம். வள்ளத்தை இழுத்துத் திரும்பக் கரையில் ஏற்றினார்கள். செபஸ்தியான் அண்ணை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. (சேலைன் அதிகம் என்று மிஸியிடம் சொன்னேன்.)

என் அம்மா விபூதியோடு வந்து, வெள்ளிக்கிழமை மீன் மச்சம் தின்றால் இதுதான் நடக்கும் என்று தன் பங்குக்கு ஒரு நோய்நிர்ணயம் செய்தார். மேடத்தின் விளக்கம் இன்றுவரை அவரிடம் எடுபடவில்லை. நான் வேலைக்குத் திரும்பிய கிழமையே இன்னோர் ஊரிலிருந்து ஒருவர் உதட்டைத் தடவிக்கொண்டு வந்தார். அவர் உட்காருமுன் "என்ன மீன், எவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன். அவர் சாத்திரக்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். அன்று நான் பெருமையில் நடந்த நடையைக் குகன் இப்போதும் நடித்துக் காட்டுவான்.

மேடம் இதை ஒரு வைத்திய இதழில் எழுதினார். அதில் இரண்டாம் நோயாளி, "முதலாம் நோயாளி வழங்கிய மீனை மூன்று தட்டுச் சோற்றுடன் உண்ட இளம் வைத்தியர்". பெயர் போடவில்லை, நல்ல மனசு. சில வருடங்களின் பின் யாழ்ப்பாணத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணும் டொக்டர். மன்னாரில் வேலை செய்தேன் என்று சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்து, இரண்டு குடும்பத்துக்கும் முன்னால் கேட்டாள்: "மூண்டு தட்டுச் சோறு திண்டது நீங்களோ?"

எங்கள் கலியாணத்துக்குச் செபஸ்தியான் அண்ணை குடும்பத்தோடு வந்தார். கடல் வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தார். மணப்பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு புத்தி சொன்னார். அதைத் தட்டாமல் அவள் இன்றுவரை நடத்துகிறாள். பள்ளிமுனையிலிருந்து மீன் வந்தால், குழம்பு முதல் நாள் எனக்கு மட்டும்தான். மறுநாள் காலை என் இரண்டு பிள்ளைகளும் பிரிட்ஜிலிருந்து சோடாப் போத்தலை எடுத்துவந்து என் கையில் வைத்து, முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். நான் கத்தாவிட்டால் மத்தியானம் அவர்கள் சாப்பிடுவார்கள்.