அட்டை வீட்டுக்கு ஓர் அத்தை

“உங்க அத்தை வீட்டுக்கு யாருமே வர மாட்டாங்களா?”

அப்ரெனிக்கா சார் மேஜைமேல் கன்னத்தை வைத்து, அட்டை வீட்டின் வாசல் வழியே ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் சார்?” என்றாள் டிவினா.

“ஒரே ஒரு நாற்காலிதானே போட்டிருக்க? போய்க் கேட்டுட்டு வா.”

கேட்பதற்கு அத்தை வேண்டுமே. கட்டடக்கலை முதலாண்டுப் பாடம் அது: தெரிந்த ஒருவரிடம் பேசி, அவருக்கு ஏற்ற வீட்டை அட்டையில் செய்ய வேண்டும். டிவினா பிலிப்பைன்ஸின் கமிகின் தீவிலிருந்து செபு நகருக்குப் படிக்க வந்தவள். இந்த ஊரில் அவளுக்கு யாரையும் தெரியாது. அதனால் கால்வலிக்கார விதவை அத்தை ஒருத்தியைக் கற்பனையிலேயே உண்டாக்கியிருந்தாள்.

அன்று மாலை வாடகை அறையில், விரல் உயரக் காகித அத்தையை அட்டை வீட்டுக்குள் நிறுத்தினாள்.

“அத்தே, உங்களுக்கு விருந்தாளி வருவாங்களா?”

அத்தை குரலில் அவளே பதிலும் சொன்னாள்: “வராம? எனக்கு மூணு தங்கச்சி இருக்காங்களே!”

அப்படியே பேசிக்கொண்டு சோற்றை முடித்தாள். செபுவுக்கு வந்தபிறகு துணையோடு சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

தங்கைகளுக்காக ஒரு கூடம் சேர்த்தாள். மறுநாள் வகுப்பில் சார் டார்ச்சைச் சூரியனாகப் பிடித்தார். படுக்கையறை இருண்டு கிடந்தது.

“அத்தை குகையிலயா தூங்கறாங்க?”

சுவரை வெட்டி எடுத்தாள். வெளிச்சம் வந்தது. கூடவே, தெருவில் போகிறவர்களுக்குக் கட்டிலில் கிடக்கும் அத்தையும் தெரிந்தாள்.

“கூச்சமா இருக்காது அவங்களுக்கு?”

கட்டிலை மாடிக்கு ஏற்றினாள்.

“கால்வலியோட மாடியா?”

படியைப் பிய்த்துவிட்டுச் சரிவுப் பாதை ஒட்டினாள். அது வாசலில் தொடங்கி, சமையலறையைத் தாண்டி, பின்கதவு வழியாக வெளியே போய் வளைந்து ஏறியது. படுக்கப் போகும்போதெல்லாம் அத்தை பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

சார் பெருமூச்சு விட்டார். “கடைசி நாள் எல்லாரும் அவங்கவங்க ஆளைக் கூட்டிட்டு வரணும். நீயும் அத்தையைக் கூட்டிட்டு வா. நானே பேசிக்கறேன்.”

டிவினா கல்லூரி வாசலுக்கு ஓடினாள். அங்கே தென்னங்குருத்துப் பொட்டலச் சோறு விற்கும் நெனிட்டாவைப் பிள்ளைகள் ‘மானாங்’, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மானாங், ஒரு நாளைக்கு எனக்கு அத்தையா இருக்கீங்களா? கால்வலி உள்ள விதவை அத்தை.”

“எந்தக் காலு வலி?”

“இடது.”

“அழணுமா?”

“ஐயோ, வேணாம்.”

“புருஷன் செத்துட்டாருன்னு சொல்றியே. கொஞ்சமா அழுதுக்கறேன்.”

கடைசி நாள் வகுப்பு நிரம்பி வழிந்தது. எங்கே பார்த்தாலும் தாத்தாக்கள். ஒருவர் கொட்டாவி விட்டார், இன்னொருவர் பேரன் தோளில் தட்டிச் சிரித்தார். எல்லாருக்கும் ஆள் இருக்கிறது என்று நினைத்தபடி டிவினா தன் அட்டை வீட்டை மேஜை ஓரத்துக்கு நகர்த்தினாள்.

நெனிட்டா வலது காலை இழுத்து இழுத்து வந்தாள்.

“இடது கால்னு சொன்னாளே?” என்றார் சார்.

“இடம் மாறிடுச்சு சார். வாய்வு.”

குனிந்து அட்டை வாசல் வழியே வெகுநேரம் பார்த்தாள். “இவ்ளோ பெரிய சமையலறை எதுக்கு? நாள் பூரா சோறு வேகவச்சு விக்கறேன்...” நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அதாவது, கனவுல. ஒரு சின்ன அடுப்பு போதும். இவ வந்தா பக்கத்துல உட்கார இடம் இருக்கணும், அவ்வளவுதான்.”

‘இவ’ என்று அவள் காட்டியது டிவினாவை.

டிவினா யோசிக்கவே இல்லை. சமையலறைச் சுவரைப் பிடுங்கினாள். கட்டில் கீழே இறங்கியது. மாடியும் சரிவுப் பாதையும் குப்பைக்குப் போயின. அடுப்பு ஒரு மூலைக்குச் சுருங்கியது. கட்டிலை மறைக்க அரைச்சுவர் ஒன்றை நட்டு, ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட்டாள். சார் டார்ச்சைப் பிடித்தார். வெளிச்சம் நாற்காலிகளைத் தொட்டு, அரைச்சுவருக்கு மேலாகப் போய்ப் பின்சுவரில் விழுந்தது.

“இப்பதான் உன் கைக்கு இடம்னா என்னன்னு புரிஞ்சிருக்கு,” என்றார்.

நெனிட்டா கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள், நொண்டக்கூட மறந்துபோய். டிவினா தனியாக நின்று விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள். இனி மற்றவர்களெல்லாம் தாத்தாக்களோடு வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள்.

பக்கத்து மேஜை ஜுனெல் மெல்ல அவள் காதருகே வந்தான்.

“அத்தை பிரமாதம்! எங்க பிடிச்ச? ஜீப்னி வண்டி ஸ்டாண்டுல ஆள் தேடின எங்க எல்லாருக்கும் டிரைவர் தாத்தாதான் கிடைச்சுது.”