'எனக்கு வருதே' ஆசாமி

வாசகரே, மனிதர்களில் 'எனக்கு வருதே' என்று ஓர் இனம் உண்டு. ஒரு பொருள் ஓடவில்லை என்று ஊரே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது, தன் போனை மட்டும் ஒரு தட்டு தட்டிப் பார்த்து, "எனக்கு வருதே" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கப் போகிறவர் இவர்.

நான் பார்த்தவர் ஒரு பல் டாக்டரின் தம்பி. எட்டு வருட ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டு அக்கா சொந்தமாகக் கிளினிக் திறந்தார். முன்பதிவுக்கு ஓர் இணைய ஆப். அது கிளவுடில் எங்கேயோ ஓடுகிறது. வாங்கிவைத்த டொமைன் பெயரை, அதாவது கிளினிக்கின் இணைய முகவரியை, அதோடு இணைக்கும் பொறுப்பு தம்பிக்கு. இணைத்தார். எதை? முன்னால் மூன்று 'டபிள்யூ' போட்ட பெயரை மட்டும். டபிள்யூ இல்லாத வெறும் பெயரை எந்தப் பக்கமும் காட்டாமல் அந்தரத்தில் விட்டுவிட்டார். வாசல் போர்டில் ஆளுயர எழுத்தில் இருப்பதோ அந்த வெறும் பெயர்தான்.

திறந்த அன்று பதினொரு மணி வரை ஒரு பல்கூட வரவில்லை.

"பக்கமே திறக்கலைன்னு போன் மேல போன் வருதுடா," என்றார் அக்கா.

"எனக்கு வருதேக்கா."

அதோடு விட்டாரா? அம்மாவின் போனில் நெட் மந்தம் என்றார், அத்தானின் லேப்டாப் பழசு என்றார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற லாரி டிரைவரின் போனை வாங்கி அணைத்து மறுபடி போட்டார், அப்போதும் திறக்காததால், "பேரு உலகம் முழுக்கப் பரவணும்ல, ரெண்டு நாள்ல வந்துடும். புக் பண்ணிட்டு வாங்க" என்று அவருடைய பல்வலிக்கே தவணை சொன்னார். டிரைவர் எதிர் கிளினிக்குக்குப் போய்விட்டார். அங்கே வெப்சைட்டே கிடையாது.

அக்கா தம்பியைப் போர்டுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார்.

"இதுல இருக்கற மாதிரியே ஒவ்வொரு எழுத்தா அடி."

அதுவரை தம்பி முதல் எழுத்தைத் தொட்டதுமே, மூன்று டபிள்யூவோடு மீதியை அவருடைய போனே நிரப்பிக்கொண்டிருந்தது. இப்போதுதான் வெறும் பெயரை முழுசாக அடித்தார். அப்படியொரு பக்கமே இல்லை என்றது போன்.

"இப்பதான் போயிருக்கு," என்றார்.

வெறும் பெயரையும் ஆப் பக்கம் திருப்ப ஒரே ஒரு வரிதான் சேர்க்கவேண்டியிருந்தது. சேர்த்தார். அக்காவின் முதல் நோயாளிதான் திரும்பி வரவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டு அழைப்பு மணியை நீங்களே வெளியே நின்று அழுத்திப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று? உங்களுக்கென்ன, உங்களிடம்தான் சாவி இருக்கிறதே.