காய்த்துக் குலுங்கிய என் வேப்பங்கன்று

நான் ஒரு செடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். மனிதனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். எல்லோரும் செய்கிற காரியம்தான். நான் பொறாமைப்பட்டது ஒன்றரை அடி உயரமிருந்த ஒரு வேப்பங்கன்றைப் பார்த்து. அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. முழுசாக ஒரு வருடம்.

எழுபத்திரண்டாம் வருடம். எனக்கு வயது இருபத்து மூன்று. அடையாற்றில் ஒரு கல்லூரியில் தற்காலிக அட்டெண்டராக இருந்தேன். படிப்பு எட்டாவது. (அதுகூட முழு எட்டாவது இல்லை. முழுப் பரீட்சைக்குப் போகும் வழியில், பேனாவில் மை பாதியில் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கவலை வந்து, மந்தைவெளியிலேயே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதோடு சரி.) கவலைப்படுவதில் மட்டும் நான் பட்ட மேற்படிப்பு. ஆபீஸ் அறையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினால், அடையாறு பாலம் தாண்டுவதற்குள் பூட்டினோமா என்ற சந்தேகம் வந்து இறங்கிவிடுவேன்.

என்னோடு இன்னொரு தற்காலிக ஆள் இருந்தான். யூசுப். ராயப்பேட்டைக்காரன். அவனுக்குக் கவலை என்றால் என்னவென்றே தெரியாது. அவன் வந்தால் கேண்டீனில் டீ தானாகக் கெட்டியாகும். லெக்சரர்கள் அவன் தோளில் கை போட்டுப் பேசுவார்கள். என்னைப் பார்த்தால், "ஏம்ப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். நான் மூன்று தடவை கூட்டிய வராந்தாவை யாரும் பார்க்க மாட்டார்கள். அதே இடத்தை அவன் ஒரே தடவை, அதுவும் பாடிக்கொண்டே கூட்டினால், "யூசுப் கூட்டினா கண்ணாடி மாதிரி இருக்கு" என்பார்கள். கூட்டியது நான் என்று சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல், விளக்குமாற்றை வைத்துக்கொண்டு நிற்பேன்.

இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரமாகும் என்று ஆபீஸ் மேனேஜர் சொல்லியிருந்தார். எனக்கு அது வெறும் வேலை விஷயம் இல்லை. சைதாப்பேட்டையில் சரோஜா என்ற பெண்ணைப் பார்த்து முடிவு செய்து வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "மாப்ள வேலை டெம்பரரின்னா, நம்ம பேச்சும் டெம்பரரிதான்."

அந்த ஜூலையில் வனமகோத்சவ வாரம் வந்தது. எங்கள் பிரின்சிபாலுக்கு மரம் என்றால் உயிர். மற்ற இடங்களில் அமைச்சர் வந்து நட்டுவிட்டுப் போவார், மறுநாள் ஆடு வந்து தின்றுவிட்டுப் போகும். இங்கே அப்படி இல்லை. யார் நட்டார்களோ அவர்கள்தான் வளர்க்க வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும், ஆசிரியருக்கும், எங்களைப் போன்ற சிப்பந்திகளுக்கும் ஆளுக்கொரு கன்று. பக்கத்தில் பெயர்ப் பலகை. அடுத்த ஜூலையில் கன்றுகளுக்கெல்லாம் முதல் பிறந்தநாள் விழா, அன்றைக்குப் பார்வையிடல். "செடியைப் பொறுப்பா பாத்துக்கறவன் காலேஜையும் பொறுப்பா பாத்துப்பான்" என்று பிரின்சிபால் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். (யூசுப்புக்கு விளக்கவில்லை. விளக்கியிருந்தாலும் அவன் சிரித்திருப்பான்.)

தாவரவியல் கூடத்துக்குப் போகும் பாதையில் இடது பக்கம் என் வேப்பங்கன்று, வலது பக்கம் அவனுடையது. ஒரே நாளில் நட்டது, ஒரே உயரம். முதல் மாதமே அவன் கன்றில் இரண்டு கொத்து புதுத் துளிர். என்னுடையதில் ஒன்று. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் என்னதான் செய்யவில்லை? அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினேன். பக்கத்து வீட்டில் மீன் கழுவிய தண்ணீரைத் தூக்குச் சட்டியில் வாங்கிப் பஸ்ஸில் எடுத்துப் போனேன். (கண்டக்டர் என்னை மட்டும் படிக்கட்டில் நிற்கச் சொன்னார்.) கேண்டீனின் டீத்தூள் சக்கை, மாட்டுச் சாணம், அம்மாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சத்து மாத்திரை இரண்டு. யூசுப் என்ன செய்தான் என்றால், வருகிற வழியில் ஒரு பூவாளித் தண்ணீரைப் பாடிக்கொண்டே ஊற்றிவிட்டுப் போனான். அவ்வளவுதான். தினமும் காலையில் கோப்பு கட்டும் நாடாவால் இரண்டையும் அளப்பேன். அவனுடையது ஒரு விரல் கூடுதல். அடுத்த மாதம் இரண்டு விரல். அந்தக் கன்று காற்றில் ஆடினால்கூட என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரிப்பது போலவே இருக்கும்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. மேலே வளராமல் இருப்பது சரி, கீழே வேராவது போகிறதா? கரையான் அரித்திருந்தால்? அடியில் கல் இருந்தால்? ஒரு காலை யாரும் வருவதற்கு முன் குழியைக் கையால் கிளறி, கன்றை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். வேர் நன்றாகத்தான் இருந்தது. மனசு நிம்மதியாகி மறுபடி நட்டேன். அந்த நிம்மதி பத்து நாள் தாங்கியது. பிறகு, அன்றைக்குத் தூக்கிப் பார்த்ததில் வேர் அறுந்திருக்குமோ என்று கவலை வந்தது. அது அறுந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. மறுபடி தூக்கிப் பார்த்தேன்.

தை மாதம் யூசுப் தன் தங்கை கல்யாணத்துக்காகப் பதினைந்து நாள் ஆம்பூர் போனான். போகும்போது என்னிடம் வந்து, "நைனா, என் கன்னுக்கும் ரெண்டு பூவாளி ஊத்திடு. உன்னை நம்பித்தான் போறேன்" என்றான். எனக்கு வந்த எண்ணங்களை இங்கே எழுத முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். முதல் நாள் தண்ணீர் ஊற்றாமல் பாதி தூரம் போய்விட்டேன். அப்புறம் கவலை பிடித்துக்கொண்டது. இது செத்தால் எல்லோரும் யாரைச் சந்தேகப்படுவார்கள்? திரும்பி ஓடிவந்து ஊற்றினேன். பதினைந்து நாளும் மணி தவறாமல் ஊற்றினேன். அவன் திரும்பி வந்தபோது அது இன்னும் நான்கு விரல் வளர்ந்திருந்தது. என் கையால். அந்த எரிச்சலில் என் கன்றை மறுபடி ஒரு தடவை தூக்கிப் பார்த்தேன்.

மே மாத விடுமுறையில், பதினோராவது முறை தூக்கிப் பார்த்த பிறகு, அது செத்துப்போனது. இலையெல்லாம் சருகாகிக் குச்சியாக நின்றது. கல்லூரியில் யாரும் இல்லை. கோடையில் வேம்பு இலை உதிர்ப்பது சகஜம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தக் குச்சிக்கு ஒரு மாதம் தண்ணீர் ஊற்றினேன். கல்லூரி திறந்ததும், ஆடு கடிக்காமல் இருக்க என்று சொல்லி, சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் தென்னங்கீற்றால் மறைப்புக் கட்டினேன். "சம்பந்தம் பெருசா ஏதோ பண்றான்" என்று என்னைப் பற்றிப் பேச்சு பரவிவிட்டது.

விழா நாள் காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். கேண்டீன் வாசலில் கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு, பின்னால் இருந்த பெரிய வேப்பமரத்தில் ஏறினேன். ஒரு கிளையை வெட்டிக் குழியில் ஊன்றிவிட்டால், சாயங்காலம் வரையாவது வாடாமல் நிற்கும் என்பது கணக்கு. கைக்கு எட்டிய முதல் கிளை பொருத்தமாகத்தான் இருந்தது. அடக்கமான, ஒரு வயதுக் கன்று மாதிரியான கிளை. அதை வெட்டிக்கொண்டு இறங்கியிருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டுரை இல்லை. மரத்தின் மேலிருந்து பார்த்தால் பாதையில் யூசுப்பின் கன்று தெரிந்தது. மார்பு உயரம் வளர்ந்திருந்தது. நான் இன்னும் மேலே ஏறினேன்.

கடைசியில் வெட்டிய கிளை, ஊன்றி நிறுத்தியபோது என் தலைக்கு மேல் ஒரு முழம் நின்றது. நுனியில் மஞ்சள் மஞ்சளாக ஒரு கொத்து வேப்பம்பழம். பறித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. யூசுப் கன்றில் பழம் இல்லை. அதனால் விட்டுவிட்டேன்.

பத்து மணிக்கு விழா. மாணவர்கள் காகிதத் தோரணம் கட்டி, மரம் வளர்ப்போம் என்று அட்டைகளில் எழுதிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கன்றுக்கும் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார்கள். தலைமை விருந்தினர் மயிலாப்பூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற நீதிபதி. ஒவ்வொரு கன்றுக்கும் அவர் ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும், பிறகு பிரின்சிபால் ஒரு செம்பு. யூசுப் கன்றுக்கு ஊற்றி, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். நான் கீற்று மறைப்பைப் பிரித்தேன்.

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது.

"ஒரு வருஷத்துலயா?" என்றார் நீதிபதி. தன் வீட்டு மாமரம் எட்டு வருடமாகச் சும்மா நிற்பதாகச் சொல்லி வருத்தப்பட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன உரம் போட்டாய் என்று கேட்டார்.

"பாசம் சார்" என்றேன்.

கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் கைதட்டியது அதுதான் முதல் தடவை. நான் உடனே யூசுப் முகத்தைத்தான் பார்த்தேன். ஒரு வருடம் நான் பட்ட பாட்டில் நாலில் ஒரு பங்காவது அவன் முகத்தில் தெரிய வேண்டும் என்று தேடினேன். அவனும் கைதட்டிக்கொண்டிருந்தான்.

தாவரவியல் பேராசிரியை வேதவல்லி அம்மாள் மட்டும் தட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்தார்.

"சம்பந்தம், இது பூத்தது எப்போ?"

"லீவுல மா. யாரும் இல்லாதப்ப."

"காய்ச்சது?"

"அதுவும் லீவுலதான் மா."

அவர் மேலே எதுவும் கேட்பதற்குள், இந்த அதிசயக் கன்றுக்கு எல்லோரும் தண்ணீர் ஊற்றட்டும் என்று பிரின்சிபால் உற்சாகமாகச் சொல்லிவிட்டார். வரிசை நின்றது. துறைத் தலைவர்கள், அவர்கள் வீட்டம்மாக்கள், பிறகு மாணவர்கள். ஒவ்வொரு செம்பு விழும்போதும் குழியில் மண் இளகிக்கொண்டே வந்தது. போதும் சார், அழுகிடும் சார் என்று கெஞ்சினேன். அதையும் பாசம் என்றே எடுத்துக்கொண்டார்கள். பதினாறாவது செம்பில் என் கன்று தலைமை விருந்தினருக்கு வணக்கம் சொல்வது போல மெதுவாகக் குனிந்தது. குனிந்துகொண்டே வந்து அவர் தோளில் சாய்ந்தது. அவர் பதறிப்போய் இரண்டு கையாலும் தாங்கித் தூக்கினார். அது முழுதாக அவர் கையோடு வந்துவிட்டது. கீழ் நுனி அரிவாளால் சாய்வாகச் சீவப்பட்டு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அவர் அதைக் கோவில் குடை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். பழங்கள் அவர் தலையில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

பின்னாலிருந்து கேண்டீன் கன்னியப்பன் குரல் மட்டும் நிதானமாக வந்தது. "காலீலேர்ந்து என் அருவாளத் தேடிக்கினு கீறேன்."

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு திருவான்மியூர் வரை கேட்டிருக்கும். என் கண் முன்னால் சரோஜா, அவள் அப்பா, பத்திரிகை அடிக்கக் காத்திருந்த என் அம்மா எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் யூசுப் முன்னால் வந்தான். "சார், இவன் கன்னு செத்துப்போச்சு, நெஜம்தான். ஆனா என் கன்னு பொயச்சதே இவனாலதான் சார். நான் ஊருக்குப் போனப்ப பதினஞ்சு நாளு இவன்தான் தண்ணி ஊத்திக்கினு இருந்தான். அத்தையும் கணக்குல வச்சிக்கங்க சார்."

இதைச் சொன்னதற்காக அவன் மேல் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நல்லவனாக இருப்பதிலும் இவன்தான் முதலா என்று வயிறு எரிந்தது.

பிரின்சிபால் என்னை அறைக்குக் கூப்பிட்டார். வேதவல்லி அம்மாளும் வந்து உட்கார்ந்தார். கன்று ஏன் செத்தது என்று கேட்டார்கள். வேர் பிடித்திருக்கிறதா என்ற கவலையில் தூக்கித் தூக்கிப் பார்த்ததைச் சொன்னேன். எத்தனை தடவை என்று கேட்டார்கள். பதினொன்று என்றேன். பிரின்சிபால் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன்.

"அவன் கன்னை ஏன் தோண்டிப் பாக்கலை?" என்று வேதவல்லி அம்மாள் கேட்டார்.

"அது அவன் கன்னும்மா. அது வேர் விட்டா என்ன, விடாட்டி என்னன்னு இருந்துட்டேன்."

அவர் பிரின்சிபாலிடம் திரும்பி, "தோட்டத்துக்கு யூசுப்பை எடுத்துக்கோங்கோ. இவனை எனக்குக் கொடுத்துடுங்கோ. என் அலமாரில இருக்கறதெல்லாம் ஏற்கெனவே செத்ததுதான். இவனால அதுகளுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

செடிகளை உலர்த்தி, அட்டையில் ஒட்டி, பெயர் எழுதி அடுக்கி வைக்கும் அறை அது. ஹெர்பேரியம் என்பார்கள். அங்கே ஆள் இல்லாமல் பூச்சி அரித்துக்கொண்டிருந்ததாம். யூசுப்புக்கு அந்த வாரமே நிரந்தரம். எனக்கு மூன்று மாதம் கழித்து. (அந்த மூன்று மாதத்தை இன்றுவரை அவன் சீனியாரிட்டி என்று சொல்லிக்கொள்கிறான்.) ஓய்வு பெறும் வரை அந்த அறையில்தான் இருந்தேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை அலமாரியைத் திறந்து பார்ப்பேன். எல்லாம் வைத்தபடியே இருக்கும். கவலைப்படுகிறவனுக்கு அதைவிட நல்ல உத்தியோகம் உலகத்தில் கிடையாது.

சரோஜாவின் அப்பா பேச்சை நிரந்தரமாக்கினார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் எந்தச் செடியையும் நான் தொடக் கூடாது என்று உத்தரவு. பால்கனியில் மல்லிகைத் தொட்டிப் பக்கம் போனாலே உள்ளிருந்து மகள் குரல் கொடுப்பாள்: "அப்பா, அது உயிரோட இருக்கு. உங்க டிபார்ட்மென்ட் இல்ல."

அவள் கல்யாணத்துக்கு யூசுப் வந்திருந்தான். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரையும் சுற்றி உட்கார வைத்து, நீதிபதி குடை பிடித்த மாதிரி எழுந்து நின்று நடித்துக் காட்டி, முழுக் கதையும் சொன்னான். சம்பந்தி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். அன்றைக்கே முடிவு செய்தேன், இதை நானே ஒரு நாள் எழுதிவிட வேண்டும் என்று. எழுதியும் விட்டேன். நேற்று மகளிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் சிரித்தாள்.

"நல்லாத்தாம்பா இருக்கு" என்றாள். "ஆனா யூசுப் மாமா சொன்னா இன்னும் நல்லா இருக்கும்."