கூட்டலும் கழித்தலும் இல்லாத நானூறு மெயில்கள்

சந்தேகம் கேட்க வெட்கப்படுகிறவர்கள் தலையை நன்றாக ஆட்டுவார்கள். நான் ஆட்டுவதைப் பார்த்தால், நாம் இவ்வளவு தெளிவாகச் சொன்னோமா என்று சொன்னவருக்கே ஆச்சரியம் வந்துவிடும். அப்படி ஆட்டியதில் ஒருமுறை ஒருவருடைய இரண்டு வருட உழைப்பைக் கடலில் தள்ளப் பார்த்தேன்.

ப்ளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன் (எங்கள் வீட்டில் அதுதான் பட்டம், அப்பா சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்). இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். செங்கல்பட்டு கடைத்தெருவில் ஒரு பெயின்ட் கடையின் மாடியில் யூசுப் சார் கம்ப்யூட்டர் ஆபீஸ் வைத்திருந்தார். ஆபீஸ் என்றால் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு தண்ணீர்ப் பானை, நான். கீழே இருந்த கடை அவருடைய அத்தாவுடையது, அதாவது அப்பாவுடையது.

பெரிய ப்ரோகிராம் ஒன்றைப் பல ஊர்களில் இருக்கும் பலர் சேர்ந்து எழுதுவார்கள். யாராவது ஒரு தப்பைச் சரிசெய்தால் அந்தத் திருத்தத்தை மட்டும் மெயிலில் அனுப்புவார்கள். அதற்குப் பேட்ச் என்று பெயர். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப்போடுவது மாதிரி. மெயில்கள் குவிந்த பிறகு எது யாருடையது, எந்த ஃபைலுக்கு வந்தது என்று தேடினால் தலை சுற்றும். யூசுப் சாரின் சாஃப்ட்வேர் அவற்றைப் பிரித்துக் கட்டம் கட்டமாக வைத்துக்கொள்ளும். சேர்த்த வரிகளைப் பச்சையிலும் நீக்கிய வரிகளைச் சிவப்பிலும் காட்டும். மெயிலைத் தானே படித்துப் பிரிக்கும் பகுதி மட்டும் இன்னும் முடியவில்லை. அதுவரை அந்தப் பகுதி நான்.

"அனுப்புனவர் பேரு இங்க, ஃபைல் பேரு இங்க, லெட்டரு இங்க, பேட்ச் இங்க," என்றார் முதல் நாள். "பதில் மெயிலா இருந்தா வரிக்கு வரி முன்னாடி அம்புக்குறி மாதிரி ஒண்ணு வரும். அது குப்பை, எடுத்துடுங்க. புரிஞ்சிதா மல்லிகா மேடம்?"

ஆட்டினேன்.

"டவுட்டு எதனா இருக்குதா?"

அதற்கும் ஆட்டினேன், வேறு திசையில்.

பேட்ச்சைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. சில வரிகளுக்கு முன்னால் கூட்டல் குறி, சிலவற்றுக்குக் கழித்தல் குறி, மிச்சமெல்லாம் ஒரு எழுத்து தள்ளி நின்றன. இன்ஸ்டிடியூட்டில் இடது மார்ஜின் ஒரு எழுத்து பிசகினாலும் மாஸ்டர் தாளை உருவிக் கிழித்துவிடுவார். அம்புக்குறி குப்பை என்றால் இவை மட்டும் என்ன? எடுத்துவிட்டேன். மூன்று வாரத்தில் நானூறு மெயில். ஒவ்வொரு வரியையும் பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்பது போல் நிறுத்தினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், சார் அடுத்த மேஜையில்தான் இருந்தார். (நாலு அடி. அன்றைய எனக்கு அது திருக்கழுக்குன்றம் மலைப்படி.)

நான் சேர்வதற்கு முன் அவரே போட்டுச் சோதித்த நாலைந்து மெயில்கள் இருந்தன. எல்லாம் ஒரே சீராக இருக்கட்டும் என்று அவற்றையும் என்னையே மறுபடி போடச் சொன்னார். ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இன்னா மேடம், நூல் புடிச்சா மாதிரி கீது," என்றார். அன்று வீட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் சென்னை கம்பெனிக்காரர்கள் சிலர் மகாபலிபுரத்தில் கடலோர விடுதி ஒன்றில் கூடினார்கள். சாஃப்ட்வேரைக் காட்ட எங்களுக்கு அரைமணி நேரம் கொடுத்தார்கள். கிளம்பும்போது அத்தா கடையிலிருந்தே சொன்னார்:

"யூசுப்பு, ஆர்டர் கெடச்சா மாடி ஒனக்கு. கெடைக்கலன்னா திங்கக்கெழம வந்து கடையில ஒக்காரு. ரெண்டு வருசம் பாத்தாச்சு."

கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். பள்ளம் வரும்போதெல்லாம் அணைத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, கொழந்தையா?" என்றார் ஆட்டோக்காரர்.

"கம்ப்யூட்டரு."

"அதான் அழல."

விடுதி அறையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாளும், பிஸ்கட் தின்றுகொண்டு ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். யூசுப் சார் முதல் மெயிலைத் திறந்தார். நிறமே இல்லை. அடியில், சேர்த்தது பூஜ்யம், நீக்கியது பூஜ்யம் என்று வந்தது. அடுத்ததும் அப்படியே. பத்தாவதும் அப்படியே.

"ஏன் தம்பி," என்றார் அந்த அம்மாள், "நானூறு பேர் வேலை மெனக்கெட்டு மெயில் போட்டிருக்காங்க. ஒருத்தர்கூட எதையும் மாத்தலையா?"

யூசுப் சாரின் காது சிவந்தது. அந்த அறையில் சிவப்பாக இருந்தது அது ஒன்றுதான்.

"ப்ரோகிராம்ல எங்கியோ தப்பு பண்ணிகீறேன் போல மேடம்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரை அணைக்கக் கையை நீட்டினார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது: கூட்டல் குறி சேர்த்த வரிக்கு, கழித்தல் குறி நீக்கிய வரிக்கு; அவற்றைப் பார்த்துத்தான் ப்ரோகிராம் நிறம் கொடுக்கும். நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அவர் திங்கட்கிழமை பெயின்ட் டப்பா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார், தன் தப்பு என்றே நினைத்துக்கொண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே வாயைத் திறந்தேன்.

"சார், அந்தக் குறியெல்லாம் நான்தான் எடுத்துட்டேன்."

"எந்தக் குறி?"

"கூட்டல், கழித்தல்."

"எத்தினி மெயில்ல?"

"எல்லாத்துலயும். மார்ஜின் கோணலா இருந்துது சார்."

பிஸ்கட் பாதி வழியில் நின்றது. அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"டைப்ரைட்டிங் படிச்சீங்களா?"

"ஹையர் மேடம்."

"நானும் ஹையர்தான்," என்றார். "எனக்கும் கை அரிக்கும்."

பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பிஸ்கட்காரரும் சிரித்தார். கடைசியில் யூசுப் சாரும் சிரித்தார், வேறு வழியில்லாமல். மூல மெயில்கள் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து, அதன் கோணலோடு அப்படியே போட்டேன். பச்சையும் சிவப்பும் பளிச்சென்று வந்தன.

"கையால போட்டா இப்படித்தான் ஆகும்," என்றார் அம்மாள். "அது தானா படிக்கிற மாதிரி முடிச்சிட்டு மூணு மாசத்துல வாங்க. இவங்களையும் கூட்டிட்டு வாங்க. இவங்க கையில பிழைச்சா எங்க ஆபீஸ்லயும் பிழைச்சுக்கும்."

திரும்பி வந்து சொன்னதும் அத்தா மூன்று மாதம் தவணை கொடுத்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். "பச்சை, சிவப்பு வேணும்னா கீழ டப்பா டப்பாவா கீது. ஒரு வார்த்த கேக்க வேண்டியதுதானேம்மா."

மூன்று மாதம் கழித்து ஆர்டர் வந்தது. மாடி யூசுப் சாருக்கே நிலைத்தது. எனக்கு அங்கேயே ஒன்பது வருட வேலையும் கிடைத்தது: மெயில்களை விதவிதமாகக் கெடுத்துக் கொடுத்து, ப்ரோகிராம் ஏமாறுகிறதா என்று பார்ப்பது. குறி ஒன்றுகூட இல்லாமல் பேட்ச் வந்தால் உடனே திரையில் ஒரு பெட்டி எழும்பி, "மல்லிகா மேடம் வந்துட்டுப் போனாங்களா?" என்று கேட்கும்படி அவர் செய்து வைத்திருந்தார்.

இதை என் கணவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. என் மகள் பள்ளியில் ஏ ப்ளஸ் வாங்கினால், ரிப்போர்ட்டை அவர்தான் வாங்கி என் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பார். போன மாதம் மருத்துவமனையில் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "பிளட் குரூப் பி-ன்னு மட்டும் போட்டிருக்கீங்களே, பாசிட்டிவா நெகட்டிவா?" என்று கேட்டார்.

பழக்க தோஷம், தலையை ஆட்டினேன்.

"தேடாதம்மா," என்றார் என் கணவர், நர்ஸிடம். "அந்தக் குறி கட்டத்துக்கு வெளிய வந்து நின்னிருக்கும். எடுத்துட்டிருப்பா."