முன்கூட்டியே நன்றி

விடுமுறையின் முதல் நாள் காலையில், பல்கூட விளக்காமல், நம் எழுத்தர் குடும்பத்தைக் கூட்டினார்.

கூட்டம் பெரிதல்ல. மனைவி, பள்ளிக்கூட டீச்சர். பெரியவளுக்குப் பதினாலு வயது, எதையும் நம்ப மாட்டாள். சின்னவளுக்கு எட்டு வயது, எல்லாவற்றையும் நம்புவாள். எழுத்தருக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. இருபது வருடமாக "தண்ணி வரலை", "தண்ணி கலங்கலா வருது", "தண்ணி நிக்கவே மாட்டேங்குது" என்று ஊரே அவர் காதில் வந்து கொட்டுகிறது. சாயங்காலம் அதே காதோடு வீட்டுக்கு வந்தால் அங்கே வீட்டுப் புகார் வரிசையில் நிற்கும்.

"இந்தப் பத்து நாள் லீவுல இந்த வீட்ல ஒரு புகார் கேக்கக் கூடாது. நன்றி மட்டும்தான் கேக்கணும்," என்று சொல்லி, சாப்பாட்டு மேஜைமேல் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்தார்.

முதல் பக்கத்தில் விதிகள் இருந்தன. தினமும் சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன் ஆளுக்கொரு நன்றியை நோட்டில் எழுதி உரக்கப் படிக்க வேண்டும். சின்னவள் முதலில், அவர் கடைசியில். மூன்றாவது விதிக்கு மட்டும் அடிக்கோடு: நன்றி பெற்றவர் மறுக்கக் கூடாது, விளக்கம் கேட்கக் கூடாது, 'சந்தோஷம்' என்ற ஒரே வார்த்தைதான் சொல்லலாம். மீறினவர் தலையில் லீவு முடியும்வரை பாத்திரம் கழுவும் வேலை.

டீச்சர் விதிகளை விடைத்தாள் படிக்கிற மாதிரி படித்தாள்.

"மூணாவது எதுக்குங்க?"

"நன்றி சொன்னா நம்ம வீட்ல என்ன பதில் வருது? 'ஆமா, இப்பதான் கண்ணு தெரிஞ்சுதா'ன்னு வருது. அந்தப் பழக்கம் போகணும்."

"அப்புறம் நீங்களே மாத்த மாட்டீங்களே?"

"நானா? என் வாழ்க்கையில ஒரு ரூலை மாத்தினவனா நான்?"

"அப்போ கையெழுத்துப் போடுங்க."

போட்டார். நாலு பேரும் போட்டார்கள். எழுத்தர் உள்ளுக்குள் குதித்தார்.

அவர் குதித்ததற்குக் காரணம் பீரோவுக்குப் பின்னால், ஒரு பழைய குடை உறைக்குள், மூன்று துண்டாகக் கிடந்தது. தூண்டில். பம்ப் ஹவுஸில் வேலை பார்க்கும் அவருடைய நண்பர், வியாழக்கிழமையிலிருந்து மூன்று நாளைக்கு நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் ரெஸ்ட் ஹவுஸைப் பிடித்துவிட்டார். எழுத்தர் ஜன்மத்தில் ஒரு மீனைப் பிடித்ததில்லை. பிடிக்கும் ஆசையும் கிடையாது. யாரும் புகார் சொல்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஆனால் அதே வியாழக்கிழமை டீச்சரின் அக்கா வருகிறாள். கூடவே சகலையும் வருகிறார். சகலை ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் அவரை விட்டதே தவிர, அவர் வேலையை விடவில்லை. போன லீவில் வந்தபோது வீட்டு அலமாரிகளையெல்லாம் காலி செய்து, 'கரண்டி, பெரியது, 3' என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். அந்த நாலு நாளும் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நம் எழுத்தர். இரண்டாவது முறை அந்த முனையைப் பிடிப்பதைவிட நீர்த்தேக்கத்தில் குதித்துவிடலாம் என்பது அவர் முடிவு.

நேராகக் கேட்டால் என்ன? கேட்டுப் பார்த்தவர்தான். நாலு வருடத்துக்கு முன் "ரெண்டு நாள் வெளிய போயிட்டு வரட்டா?" என்று கேட்டு, அந்த இரண்டு நாளும் ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்தார்.

ஆகவே அலுவலக வழியில் இறங்கினார். புகார்ப் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் புகாருக்குப் பதில் எழுதினாலும் கடைசி வரி இதுதான்: 'தங்கள் பொறுமைக்கும் ஒத்துழைப்புக்கும் முன்கூட்டியே நன்றி.' அதைப் படித்த பிறகு மனிதனால் சண்டை போட முடியாது. காலி வாளியோடு அடிக்க வந்த ஒரு ஆள், அந்த வரியைப் படித்துவிட்டு வாளியை மறந்து வைத்துவிட்டே போயிருக்கிறார். புதன்கிழமை சாயங்காலம் எழுத்தர் கடைசியாகப் படிப்பார்: மூன்று நாள் ஓய்வுக்கு மனமுவந்து அனுமதித்த மனைவிக்கு முன்கூட்டியே நன்றி. அவள் 'சந்தோஷம்' என்பாள். வியாழன் காலை ஆறு மணிக்கு வேன். திட்டத்தில் ஒரு ஓட்டை கிடையாது என்று அவர் நினைத்தார். இருபது வருடம் ஓட்டைக் குழாய்களைப் பற்றியே எழுதியவர் நினைத்தார்.

சனிக்கிழமை எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. பெரியவள், "அப்பா பாத்ரூமை விட்டு அரை மணி நேரத்தில் வெளியே வந்ததற்கு நன்றி" என்று படித்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு "சந்தோஷம்" என்றார். டீச்சருக்கு அவர் எழுதிய நன்றி ஒரு பக்கம் ஓடியது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் சிவப்பு மையால் 'சுருக்கி எழுதுக' என்று மட்டும் எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது, நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, புதன்கிழமை நன்றியை எழுதிப் பார்த்தார். மூன்று தடவை எழுதினார். மூன்றாவதுதான் கச்சிதமாக வந்தது. அதை ஒரு துண்டுச் சீட்டில் பெயர்த்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தாள். "மாடித் தொட்டியைக் கழுவிக் கொடுத்த என் கணவருக்கு முன்கூட்டியே நன்றி."

"நான் எப்போ…"

"மூணாவது ரூல்," என்றாள் பெரியவள்.

"சந்தோஷம்," என்றார் எழுத்தர்.

செவ்வாய்க்கிழமை தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்த்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. 'முன்கூட்டியே' என்ற வார்த்தையை இவள் எங்கே பிடித்தாள் என்று ஒரு நிமிடம் யோசித்தார். அலுவலகக் கடிதம் எதையாவது பார்த்திருப்பாள் என்று விட்டுவிட்டார். எது எப்படியோ, முறை வேலை செய்கிறது. புகார்ப் பிரிவுக்காரனையே தொட்டிக்குள் இறக்கிவிட்டதே! அப்படியென்றால் அவளிடமும் வேலை செய்யும். முழங்கால்வரை சகதியில் நின்றுகொண்டு அவர் இப்படிச் சந்தோஷப்பட்டார்.

அப்போது தொட்டியின் வாயில் டீச்சரின் தலை தெரிந்தது. கையில் அவருடைய போன்.

"என்னங்க, யாரோ 'தூண்டில் பத்திரமா?'ன்னு கேட்டாங்க. நான் 'யாருங்க'ன்னதும் வெச்சுட்டாங்க."

எழுத்தர் நிமிராமல் பாசியை இன்னும் வேகமாகத் தேய்த்தார். "ராங் நம்பர்."

"பம்ப் ஹவுஸ்னு பேர் வருதே?"

"அவனா? அது… ஆபீஸ் விஷயம். தண்ணித் திருட்டு நடக்குது. பிடிக்கறதுக்கு ஒரு ஏற்பாடு. அதுக்கு அந்தப் பேர்."

"லீவுலயா?"

"திருடனுக்கு ஏது லீவு?"

"ஓ," என்றாள் டீச்சர்.

பதினாறு வருடக் குடித்தனத்தில் அந்த 'ஓ'வை அவர் மூன்று தடவைதான் கேட்டிருக்கிறார். மூன்று தடவையும் நல்லது நடக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் இன்னொரு இடி. அக்காவும் சகலையும் ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கினார்கள். சகலை செருப்பைக் கழற்றுவதற்கு முன் நாடாவை எடுத்தார். "பீரோவைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா ரெண்டடி இடம் கிடைக்கும் சகலை" என்று சொல்லிக்கொண்டே தள்ளியும் விட்டார். குடை உறை தடாலென்று விழுந்தது.

"இதென்ன சகலை, குடையா? கனமா இருக்கே!"

"குடைதான்."

"துண்டு துண்டா இருக்கே?"

"மடக்குக் குடை."

சகலை உறையைத் தூக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், பிறகு ஒரு சீட்டு எழுதி ஒட்டினார். 'குடை, கறுப்பு, 1.' குடைக்குரிய இடம் வாசல் பக்கம் என்று சொல்லி, கொண்டுபோய்த் தெருக்கதவுக்குப் பக்கத்தில் சாத்தினார். கட்டிலுக்கடியில் அவர் ஒளித்து வைத்திருந்த துணிப் பை மட்டும் தப்பியது. காலையில் ஆறு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் 'குடை'யையும் எடுத்துக்கொண்டால் முடிந்தது. இன்னும் ஒரே ஒரு நன்றிதான் பாக்கி.

சாயங்காலம் ஆறு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சின்னவள் நோட்டைத் திறந்தாள். அவள் எழுத்து ஒரு வரியில் ஏறி அடுத்த வரியில் இறங்கும்.

"அப்பா அஞ்சு நாளா வீட்லயே இருக்காரு. அதுக்கு நன்றி."

எழுத்தரின் 'சந்தோஷம்' பாதியில் நின்று, இருமலாகி, பிறகு வந்தது. சட்டைப் பையிலிருந்த துண்டுச் சீட்டு சுட்டது. போகாமல் இருந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த நேரம் பார்த்துச் சகலை, "நாளைக்கு சமையக்கட்டுல ஆரம்பிப்போம் சகலை" என்றார். மனம் உடனே கல்லாகிவிட்டது.

பெரியவள், பக்கத்து அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பதற்கு நன்றி சொன்னாள். கதவு பதில் சொல்லவில்லை. அடுத்தது டீச்சர். கண்ணாடியைத் துடைத்தாள். மாட்டிக்கொண்டாள். வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்களே, அந்த அமைதியை வரவழைக்கும் குரலில் படித்தாள்.

"நாளை காலை முதல் மூன்று நாள், பிள்ளைகள் இருவரையும், தன் சகலையையும், சமையலறையையும் தனியாகக் கவனித்துக்கொள்ள மனமுவந்து முன்வந்த என் கணவருக்கு முன்கூட்டியே நன்றி. நானும் அக்காவும் பம்ப் ஹவுஸ்காரர் வீட்டம்மாவும் ரெஸ்ட் ஹவுஸுக்குப் போகிறோம். வேனுக்கும் தூண்டிலுக்கும் ஏற்பாடு செய்து வைத்ததற்கும் சேர்த்து நன்றி."

எழுத்தர் வாயைத் திறந்தார். ஐந்து ஜோடிக் கண்கள் அந்த வாயைப் பார்த்தன. மூடினார். மறுபடி திறந்தார்.

"மூணாவது ரூல்ப்பா," என்று சின்னவள் அன்போடு எடுத்துக்கொடுத்தாள்.

"சந்தோ…" குழாயில் தண்ணீர் வராத நாளில் காற்று மட்டும் வருமே, அப்படி வந்தது. "…ஷம்."

"இப்போ உங்க முறைங்க," என்றாள் டீச்சர்.

அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். மூன்று நாள் ஓய்வுக்கு அனுமதித்த மனைவி. எந்த ஓய்வு? வேனில் அவர் இடத்தில் அவள் உட்காரப் போகிறாள். இப்போதுதான் எல்லோர் முன்னாலும் 'சந்தோஷம்' என்று ஒப்புக்கொண்டாயிற்று. சின்னவள் வேறு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டை உள்ளேயே கசக்கினார்.

"சாப்பாட்டுக்கு நன்றி," என்றார்.

"சந்தோஷம்," என்றாள் டீச்சர். விதியை மீறி ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தோடு பாத்திரமாக அவள் பின்னால் சமையலறைக்குள் போனார்.

"இது நியாயமா?"

"லீவு விட்டா நீங்க எங்க இருப்பீங்க?"

"சோபால."

"நான்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அடுப்பும் தொட்டியும் அவளும்தான் இருந்தார்கள். "இங்கதான்."

"பதினாறு வருஷமா இங்கதாங்க. போன லீவுல அவர் கரண்டியை எண்ணினார், சரி. அந்த மூணு கரண்டியையும் விடாம பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு?"

எழுத்தர் கையிலிருந்த பாத்திரத்தைத் தொட்டிக்குள் வைத்தார்.

"நேரா கேட்டிருந்தா, எல்லாருமே போயிருக்கலாம்," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அவருக்கு வலித்தது.

காலை ஆறு மணிக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. கட்டிலுக்கடியிலிருந்து டீச்சர் ஒரு பையை இழுத்தாள். அவருடைய பைதான். அவர் துணிகளை மடிப்புக் கலையாமல் எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு, தன் துணிகளை அடுக்கிக்கொண்டாள். போகிற போக்கில் கதவோரம் இருந்த 'குடை, கறுப்பு, 1' என்பதையும் எடுத்துக்கொண்டாள். அக்கா இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். வேன் திரும்பும்வரை சின்னவள் கையாட்டினாள். எழுத்தரும் ஆட்டினார், வேறு என்ன செய்வது?

உள்ளே வந்ததும் போன் அடித்தது. பம்ப் ஹவுஸ்காரர்.

"டேய், உங்க வீட்டு நோட்டு ஐடியாவை எங்க வீட்ல யாருடா சொன்னது? நேத்து எனக்கும் நன்றி சொல்லிட்டாடா!"

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தைச் சொல்ல? சந்தோஷம்னேன்."

சமையலறையிலிருந்து சகலையின் குரல் கேட்டது. "சகலை, நாடாவோட இந்த முனையைப் பிடிச்சதுக்கு முன்கூட்டியே நன்றி!" அவரும் கற்றுக்கொண்டுவிட்டார். எழுத்தர் ஒரு கையால் நாடாவைப் பிடித்தார். இன்னொரு கையால் மேஜையிலிருந்த நோட்டை இழுத்தார். பிள்ளைகள் கண்ணில் படுவதற்குள் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

திருப்பினார். மூன்று தடவை எழுதிப் பார்த்ததும் அப்படியே இருந்தது. முதலாவதில் இரண்டு எழுத்துப் பிழைகளுக்குச் சுழி. இரண்டாவதற்கு 'மிகை'. மூன்றாவதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய 'சரி'. அடியில் சிவப்பு மையில், ஞாயிற்றுக்கிழமைத் தேதியோடு எழுதியிருந்தது:

'10-க்கு 4. கருத்து நன்று. பையன்கள் எழுதக்கூடாததை எழுதுவது கடைசிப் பக்கத்தில்தான், டீச்சர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான் என்பதை மறந்ததற்கு ஆறு மதிப்பெண் குறைவு.'