ரிஷிகேஷ் ஜோதிடரும் என் தலைமுடியும்

ஒரு மென்பொருள், தன்னை வைத்திருப்பவனின் கம்ப்யூட்டர் விவரங்களை அவனைக் கேட்காமல் ஊருக்குச் சொல்லலாமா? கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கருத்தை நான் புத்தகம் படித்து அடையவில்லை. தலையைக் கொடுத்து அடைந்தேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷத் தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி குணவதி இடியாப்பம் பிழிந்துகொண்டே சேதியைச் சொன்னாள்.

"என்னங்க, யோகாவுக்கு மெல்பர்ன்ல வேலை கிடைச்சா தண்ணீர்மலையில மொட்டை போடறதா வேண்டிக்கிட்டேன். கிடைச்சிருச்சு."

"நம்ம பொண்ணுக்கு நல்லதுதானே. முடி போனா வளந்துரும். தைரியமா போடு."

"எனக்கில்லீங்க. உங்களுக்கு."

"நீ வேண்டிக்கிட்டு நான் போடணுமா?"

"முருகன்கிட்ட அப்படித்தான் சொன்னேன். அவரு ஒண்ணும் மறுப்புச் சொல்லல."

வேண்டுதல் அவளுடையது. தலை என்னுடையது. எங்கள் குடும்பத்தில் வேலைகளை எப்போதும் இப்படித்தான் பிரித்துக்கொள்வோம்.

தலையைக் கொடுக்க முடியாததற்குக் காரணம் இருந்தது. மலேசியாவின் கெப்பாலா பத்தாஸ் ஊரில் ஓர் அரசாங்க ஆபீசில் நான் குமாஸ்தா. தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் எனக்குப் பிரிவுபசாரம். ஓய்வு பெறுகிறவரைப் படம் எடுத்து வரவேற்பறைச் சுவரில் மாட்டுவது அங்கே வழக்கம். அந்தச் சுவரில் இதுவரை தொங்குவதெல்லாம் வழுக்கை. அவற்றின் நடுவே என் சுருள்முடி தொங்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. பெரிய பதவிதான் கிடைக்கவில்லை, இதாவது கிடைக்கட்டும் என்று இருந்தேன்.

பக்கத்து வீட்டு பக்கிரிசாமியைத் தெருவோர ஒட்டுக்கடைக்கு அழைத்துப் போய் என் துயரத்தைச் சொன்னேன். அவன் கொப்பியை உறிஞ்சியபடி யோசித்தான்.

"அண்ணே, அக்கா யாரு சொன்னா கேப்பாங்க?"

"என்னத் தவிர யாரு சொன்னாலும் கேப்பா."

"அப்ப நீங்க நீங்களா இல்லாம சொல்லுங்க. அதான் ஈமெயில் இருக்கே லா. எவன் எழுதுனான்னு அந்த முருகனுக்கே தெரியாது."

குணவதி தினமும் காலையில் மகளுக்கு ஈமெயில் எழுதுவாள். அவளுக்கு ஜோதிடர்கள் மேல் பற்று உண்டு. தூரத்து ஜோதிடர் என்றால் பற்று கூடும். இலவசம் என்றால் பக்தியாகிவிடும். ஆகவே அன்று பிற்பகல், அவள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரத்தில், ரிஷிகேஷ் ஜோதிடர் ஞானானந்தர் எங்கள் வீட்டு மேசையில் அவதரித்தார்.

அவருக்கு ஓர் இலவச முகவரி வாங்கி, மகளின் பிறந்த நாளையே கடவுச்சொல்லாக வைத்தேன். அதை எங்கள் மெயில் மென்பொருளிலேயே இன்னொரு கணக்காகச் சேர்த்தேன். பிறகு ஆங்கிலத்தில் எழுதினேன்: "அம்மா, தியானத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரி தோன்றியது. அனுஷ நட்சத்திர ஆண்கள் இந்தத் தை மாதம் முடி எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது." அனுப்பியதும் தடயத்தை அழித்தேன். குமாஸ்தாவுக்குக் காகிதத்தைத் தொலைக்கச் சொல்லித்தர வேண்டுமா?

மறுநாள் மதியம் சோறு போடும்போது குணவதி ஆரம்பித்தாள்.

"என்னங்க, ரிஷிகேஷ்லேர்ந்து ஒரு சாமி எழுதியிருக்காரு. அனுஷத்துக்காரங்க மொட்டை போடக் கூடாதாம்."

"நான் அனுஷமாச்சே!"

"ஆமாங்க. சாமிக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

"ஞானிங்க, குணா. நான் தலையை ரெடியாத்தான் வச்சிருந்தேன். விதி விடல, என்ன செய்யறது?"

"பாவம், உங்களுக்குத்தான் ஏமாத்தமா இருக்கும்."

"மனசத் தேத்திக்கிறேன்."

அவள் பரிகாரம் கேட்டு ஜோதிடருக்கு எழுதினாள். நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மனைவி கேட்பதும், நான் சொல்வதும், அதை அவள் அப்படியே செய்வதும் எனக்குப் புது அனுபவம். ருசி கண்ட பூனையானேன். கணவருக்குச் சாயங்காலம் உளுந்து வடை கொடுக்கச் சொன்னார் ஞானானந்தர். வந்தது. கொப்பியில் சீனி போடச் சொன்னார். டாக்டரையும் மீறிப் போட்டாள். வாசல் பெருக்கும் வேலை சனி திசையில் கணவருக்கு ஆகாது என்றார். விளக்குமாறு கைமாறியது. நான் நாற்காலியில் சாய்ந்து, இவ்வளவு நாளும் இந்த ஜோதிடர் எங்கே போயிருந்தார் என்று வருந்தினேன்.

அப்போதுதான் அந்த மெயில் வந்தது.

"சாமி, நீங்கள் சொன்னபடி மொட்டையை நிறுத்தினேன். இன்று மெல்பர்னில் என் மகளை மேலதிகாரி தனியாக அறைக்குக் கூப்பிட்டாராம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை."

எனக்கும் ஓடவில்லை. புது வேலை, தெரியாத ஊர், ஒற்றைப் பிள்ளை. மகளுக்கு ஃபோன் போடலாம் என்றால், விஷயம் எனக்குத் தெரியவே கூடாது. தெரிந்தது ஜோதிடருக்கு மட்டும். குணவதியிடமும் கேட்க முடியாது. அவள் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அனுஷ தோஷம் என்று ஒன்று இல்லை என்பது உலகத்திலேயே எனக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் முருகனுக்குச் சொன்ன முடியைப் பிடித்து வைத்துக்கொண்டது நான்தானே. கண்ணாடி முன் நின்று கடைசியாக ஒரு முறை சீவிக்கொண்டேன். பிறகு எழுதினேன்.

"அம்மா, என் கணிப்பில் பிழை. கணவர் கட்டாயம் மொட்டை போடட்டும்."

சாயங்காலமே பதில் வந்தது: "சாமி, அவர் சம்மதிப்பாரா?"

"ஆனந்தமாகச் சம்மதிப்பார்" என்று ஞானானந்தர் உறுதி கொடுத்தார்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் என் சுருள்முடி சாக்குப்பைக்குள் போயிற்று. சந்தனம் பூசிய தலையோடு மலையேறி, மனமுருகிக் கும்பிட்டு, இறங்கி வந்து தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்தோம். குணவதி மோர் வாங்கிக் கொடுத்தாள். மனம் தாங்கவில்லை, கேட்டுவிட்டேன்.

"ஆமா, யோகாவ அவ மேலதிகாரி எதுக்குக் கூப்பிட்டாராம்?"

"வேலை நல்லா செய்யறான்னு பாராட்டத்தான்."

"அப்பாடா!"

"ஆனா கூப்பிட்டத நான் உங்ககிட்ட சொல்லலையே. சாமிகிட்டதானே எழுதினேன்."

மோர்க் குவளையைக் கீழே வைத்தேன். தலையில் காற்றுப் பட்டது.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத மெயில்லேர்ந்து. யோகா ஒரு இடம் காட்டிக் குடுத்திருக்கா. அத அமுக்குனா மெயிலுக்கு மேல ஒளிஞ்சிருக்கிறதெல்லாம் வரும். எந்த மென்பொருள், என்ன வர்ஷன், எல்லாம் நம்ம வீட்டுல உள்ளதே. ரிஷிகேஷ் சாமிக்குக் கடிகாரம் மலேசியா நேரத்துல ஓடுது. அப்புறம், நிறுவனம்னு ஒரு வரி."

"அதுல என்ன?"

"'நல்லமுத்து குடும்பத்தார், ஆயர் ஈத்தாம்.'"

நல்லமுத்து நான்தான், ஆயர் ஈத்தாம் எங்கள் ஊர். போன வருஷம் அந்த மென்பொருளைப் போட்டபோது, பெயர் என்ன, நிறுவனம் என்ன என்று கேட்டது. நிறுவனத்தைக் காலியாக விடலாம் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மனுவைத் திருப்பி அனுப்பியே காலம் தள்ளியவன் நான். என்னால் எப்படி விட முடியும்? பூர்த்தி செய்தேன். அது அன்றிலிருந்து நான் அனுப்பிய ஒவ்வொரு மெயிலின் முதுகிலும் ஏறிப் போயிருக்கிறது.

வீடு வந்து சேரும்வரை பொறுத்திருந்து வெடித்தேன்.

"இது அந்தரங்க மீறல், குணா! என் மென்பொருள், என் கடிகாரம், எல்லாத்தையும் என்னைக் கேக்காம கண்டவங்களுக்குச் சொல்லுது!"

"கண்டவங்களுக்கு இல்லீங்க. பொண்டாட்டிக்கு."

"யாரா இருந்தா என்ன? யாரு எழுதறதுன்னு சொல்றது எழுதறவன் இஷ்டம்."

"தபால்ல போட்டாலும் ஊர் முத்திரை விழத்தான் செய்யுது. தபால்காரர் மேல கேஸ் போடுவீங்களா?"

"முத்திரை கண்ணுக்குத் தெரியுது. இது தெரியாம ஒட்டிக்கிட்டுப் போகுது. அந்தக் கம்பெனிக்கு எழுதப் போறேன், பாரு!"

"எழுதுங்க. யாரு எழுதறதுன்னு அவங்களுக்குத் தானாத் தெரிஞ்சிரும்."

"இதெல்லாம் உனக்கு விளையாட்டா இருக்கு."

"ஒளிக்க ஒண்ணுமில்லாதவங்களுக்கு எதுக்குங்க இந்தப் பயம்?"

குறைந்தபட்சம் அந்த வரியையாவது ஒழித்துவிடுவோம் என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். நிறுவனம் என்ற கட்டத்தைத் தேடிப் பிடித்தேன். காலியாக இருந்தது. ஞானானந்தரின் கணக்கைத் திறந்தேன். கடவுச்சொல் தவறு என்றது. மறுபடி போட்டேன். மறுபடியும் தவறு.

வாசலில் பக்கிரிசாமி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, உங்களுக்கு நான் என்ன துரோகம் செஞ்சேன்? ரிஷிகேஷ்லேர்ந்து எங்க வீட்டுக்காரி தனலெட்சுமிக்கு மெயில் வந்திருக்கு. பங்குனி உத்திரத்துக்கு எனக்கு மொட்டை போடணுமாம்!"

"நான் அனுப்பல லா!"

"பொய் சொல்லாதீங்கண்ணே. உங்களத் தவிர யாரு?"

நான் மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். குணவதி விளக்குமாற்றை என் நாற்காலியில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"குணா, இதுல இருந்த நம்ம வீட்டு விலாசம் எங்க?"

"நேத்தே அழிச்சிட்டேங்க, கடவுச்சொல்லையும் மாத்திட்டேன். இனிமே சாமி நான்தானே, எனக்கும் அந்தரங்கம்னு ஒண்ணு வேணாமா?"