பின்னறைக் குளிர்

"இன்னிக்கும் அந்த ரூம்ல குளிர் தாங்கலப்பா" என்று சொல்லிக்கொண்டே வில்ஃப் மாடிப்படி இறங்கி வந்தார். இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் போர்வை. நேராக வந்து மருமகன் ரோலண்டின் நாற்காலியில் உட்கார்ந்தார். டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த ஸ்னூக்கர் போய், ரோஜாச் செடி வளர்ப்பு வந்தது.

மாமியார் இறந்ததும் மாமனாரை ஹாலிஃபாக்ஸில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்து வந்து பின்னறையைக் கொடுத்தவனே ரோலண்ட்தான். இப்போது நாற்காலியைத் திருப்பிக் கேட்கவும் முடியவில்லை.

"ரூமைச் சூடாக்கற ரேடியேட்டர் சின்னது மாமா. மாத்திடலாம்."

"என்ன அளவுன்னு தெரியுமா உனக்கு?" என்றாள் மனைவி மாக்ஸீன்.

கம்பளக் கடைக்காக ஊரில் பாதி வீடுகளின் தரையை அளந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? அறையின் நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்து, கணக்குப் போட்டு, இரட்டைத் தகடு வைத்த பெரிய ரேடியேட்டர் ஒன்றை வாங்கி மாட்டவைத்தான்.

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் மாடிக்குப் போய்ப் பார்த்தான். ரேடியேட்டர் கொதித்தது. அறை மட்டும் சில்லென்று இருந்தது.

"ஃப்ரிட்ஜ்ல இருக்கற வெண்ணெயை இங்கேயே வச்சுக்கலாம் போல இருக்கே" என்றாள் மாக்ஸீன்.

அடுத்தது அதைவிட நீளம். அதற்கு இடம் விட, அலமாரி இவர்கள் படுக்கையறைக்கு வந்தது. மாக்ஸீன் கட்டிலில் ஏறித்தான் தன் பக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. குளிர் குறையவில்லை.

மூன்றாவதைப் பார்த்து பிளம்பர் தயங்கினான். "சார், இது சர்ச்சுக்குப் போடற சைஸ்."

"மாட்டுப்பா."

அதற்காகப் பின்னறைக் கட்டிலை நகர்த்தியதில் கதவு பாதிதான் திறந்தது. வில்ஃப் பக்கவாட்டில் நுழைந்து வெளியேறினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அன்று மாலையும் பின்னறை ஜில்லென்றே இருந்தது. போதாததற்கு, இருக்கிற சூட்டையெல்லாம் அந்த ராட்சதன் இழுத்துக்கொண்டதில் கீழே கூடமும் குளிர ஆரம்பித்தது. ரோலண்ட் ஓவர்கோட்டோடு சோபாவில் உட்கார்ந்தான்.

"உனக்கும் குளிருதா? கிட்ட வா" என்று வில்ஃப் தன் போர்வையில் பாதியை அவன் மேல் போட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"போதும். ஞாயித்துக்கிழமை நாம பின்னறைக்குப் போயிடலாம். அப்பா நம்ம ரூம்ல இருக்கட்டும்" என்றாள் மாக்ஸீன்.

ரோலண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை அளந்தும் சொந்தப் படுக்கையறையே போகப் போகிறது.

சனிக்கிழமை காலை, கழற்றிய ரேடியேட்டர்களைக் கொல்லையில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தான். இரவு வேலைக்குப் போய்ப் பகலில் வீட்டிலிருக்கும் பக்கத்து வீட்டு பெவர்லி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கடை ஏதாவது வைக்கப் போறீங்களா?"

"பின்னறைல சூடே நிக்க மாட்டேங்குது பெவர்லி. எந்த அளவு போட்டாலும் பத்தல."

"எப்படி நிக்கும்? நீங்க ரெண்டு பேரும் வேலைக்குக் கிளம்பினதும் உங்க மாமா ஜன்னலை அகலத் திறந்து வச்சுட்டு பனியனோட உட்கார்ந்திருக்கார். உங்க கார் சத்தம் கேட்டாத்தான் சாத்தறார். ஏன்னு கேட்டேன். 'ரூம் கதகதப்பா இருந்தா, சாயங்காலமும் என்னை அங்கேயே தனியா உட்கார வச்சுடுவாங்கம்மா'ங்கறார்."